ஒரு மம்மியைப் படிப்பது எப்படி: முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் ஒரு மம்மி இருக்கிறது. ஹைதராபாத்திலும் ஜெய்ப்பூரிலும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் லண்டனிலோ டூரினிலோ பார்த்திருப்பீர்கள். எந்த ஊரானாலும் கூட்டம் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். நேராகக் கண்ணாடிப் பெட்டியருகே போகும், முகத்தைத் தேடும், ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிடும். சுற்றிலும் இருக்கும் ஜாடிகள், கல் வண்டு, கையளவு பொம்மைகள், எழுத்துப் பலகை எதையும் அநேகம் பேர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. எனக்கு அது ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும். எகிப்தியர்களுக்கு அவ்வளவும் சேர்ந்ததுதான் ஒரு மனிதர்.

அதனால் இந்த வழிகாட்டியைப் பதப்படுத்துகிறவர்கள் வேலை செய்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் அருங்காட்சியகத்தில் எதைத் தேட வேண்டும் என்றும் சொல்கிறேன். கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைப் படித்தபின் ஒரு கல்வெட்டில் இறந்தவரின் பெயர் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

போகும் முன் தெரிந்துகொள்ள மூன்று சொற்கள்

கா, பா, ரென். 'கா' என்பது ஒருவரின் உயிர்ச்சக்தி. செத்தபின்னும் அதற்குப் பசிக்கும். சோறு தண்ணீர் வேண்டும். 'பா' மனிதத் தலை கொண்ட பறவையாக வரையப்படும். பகலில் கல்லறையை விட்டு வெளியே பறந்து திரியும், இரவில் உடலுக்குத் திரும்பும். திரும்பி வர உடல் அடையாளம் தெரியும்படி இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும். 'ரென்' என்றால் பெயர். பெயர் அழிந்தால் ஆளே அழிந்ததாகக் கணக்கு. அதனால்தான் வேண்டாதவர்களின் பெயரைக் கல்லிலிருந்து செதுக்கி எடுத்தார்கள், வேண்டியவர்களின் பெயரைப் பெட்டியிலும் சுவரிலும் பொம்மையிலும் திரும்பத் திரும்ப எழுதினார்கள்.

முதலில் காலத்தைக் கேளுங்கள்

விளக்கப் பலகையில் முதலில் பார்க்க வேண்டியது ஆண்டு. மம்மி செய்யும் வழக்கம் ஏறத்தாழ 3000 ஆண்டுகள் நீடித்தது. அத்தனை நூற்றாண்டும் ஒரே முறையில் செய்திருப்பார்கள் என்று நினைத்தால் பார்ப்பது எல்லாமே குழம்பிவிடும்.

கி.மு. 3500-ஐ ஒட்டிய காலத்தில் சாதாரணக் குழிதான். உடலைக் குறுக்கி, கால்களை மடக்கி, சூடான மணலில் நேரடியாக வைத்தார்கள். மணலே ஈரத்தை உறிஞ்சியது. லண்டனில் இருக்கும் கெபெலெய்ன் மனிதர் அப்படிக் காய்ந்தவர்தான். தோலும் முடியும் இன்றும் இருக்கின்றன. பிறகு வசதியுள்ளவர்கள் பெட்டியும் செங்கல் அறையும் கட்டத் தொடங்கினார்கள். மணல் தொடாததால் உடல் அழுகியது. செயற்கையாகக் காயவைக்கும் தேவை அதனால் வளர்ந்தது என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் அதற்கும் முன்பே, மோஸ்தகெத்தா போன்ற இடங்களில், பிசின் தோய்த்த துணியைச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று பிற்கால ஆய்வில் தெரிந்தது.

கூஃபு மன்னனின் தாய் ஹெதெபெரெஸின் கல்லறை 1925-இல் கீசாவில் கிடைத்தபோது கற்பெட்டி காலியாக இருந்தது. ஆனால் உள்ளுறுப்புகளுக்கான தனிப் பேழையில், உடலைக் காயவைக்கும் நேட்ரான் என்ற உப்பின் கரைசல் அப்படியே இருந்தது. ஆக, பிரமிடுகளின் காலத்திலேயே உறுப்புகளைத் தனியே எடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. கலை உச்சத்துக்குப் போனது அதற்கும் 1500 ஆண்டுகள் கழித்து, 'புதிய அரசு' எனப்படும் காலத்திலும் (சுமார் கி.மு. 1550–1070) அதை அடுத்து ஆண்ட 21-ஆம் அரச வம்சத்திலும். ரோமானியர் காலத்துக்கு வந்தால் துணிச்சுற்று சதுரம் சதுரமாக அவ்வளவு அழகாக இருக்கும், முகத்தில் ஓவியம் பதித்திருக்கும். உள்ளே இருக்கும் உடலில் பல நேரம் பழைய அக்கறையைக் காண முடியாது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பெரும்பாலான எகிப்தியர்களுக்கு மம்மி வாய்க்கவே இல்லை. அமர்னாவில் தோண்டப்பட்ட எளிய மக்களின் இடுகாட்டில் உடல்கள் பாயில் சுருட்டி மணலில் புதைக்கப்பட்டிருந்தன.

எழுபது நாளின் தொடக்கம்

இறந்த நாளிலிருந்து புதைக்கும் நாள் வரை மரபுப்படி 70 நாள். அதில் சுமார் 40 நாள் காயவைக்க மட்டும். விவிலியம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது: எகிப்தில் இறந்த யாக்கோபுக்கு 40 நாள் பதப்படுத்தினார்கள், எகிப்தியர் 70 நாள் துக்கம் காத்தார்கள் என்று ஆதியாகமம் சொல்கிறது. சிரியஸ் விண்மீன் வானில் 70 நாள் மறைந்து மீண்டும் தோன்றுவதோடு இந்த எண்ணை இணைப்பார்கள்.

முதலில் கழுவுவதற்கு 'இபு' என்ற கூடாரம், பிறகு வேலை நடக்க 'வபெத்' என்ற பட்டறை. தலைமைப் பூசாரி, பதப்படுத்தலின் தெய்வமான குள்ளநரித்தலை அனுபிஸின் இடத்தில் நின்று நடத்துவார்.

மூளைக்கு எகிப்தியர்கள் மதிப்பே தரவில்லை. நினைப்பதும் உணர்வதும் நெஞ்சு என்பது அவர்கள் எண்ணம். இடது மூக்குத்துளை வழியே ஒரு கம்பியைச் செலுத்தி, மேலே உள்ள மெல்லிய எலும்பை உடைத்து மூளையை எடுத்தார்கள். கொக்கியால் இழுத்தார்கள் என்று கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். 1994-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பாப் பிரையரும் ரான் வேடும், உடற்கொடை செய்த ஒருவரின் உடலைப் பழைய முறையிலேயே மம்மியாக்கிப் பார்த்தார்கள். கொக்கியில் எதுவும் சிக்கவில்லை. உள்ளே தண்ணீர் விட்டு, கலக்கி, உடலைக் குப்புறக் கவிழ்த்த பிறகுதான் மூக்கு வழியே வடிந்தது. 2400 ஆண்டுப் பழைய வரியை அப்படிக் கையால் செய்து பார்த்தே திருத்த முடிந்தது. சிடி ஸ்கேன் படம் வைத்திருந்தால் மூக்கின் மேற்பகுதியில் அந்த ஓட்டையைத் தேடுங்கள்.

இடது விலாவில் ஒரு வெட்டு

ஒருவர் இடது வயிற்றுப்புறத்தில் கோடு போடுவார், இன்னொருவர் கூரிய கல்கத்தியால் கிழிப்பார். செத்தவரின் உடலைக் காயப்படுத்திய பாவத்துக்காக, வெட்டியவரை மற்றவர்கள் கல்லெறிந்து விரட்டுவார்கள், அவரும் ஓடிவிடுவார் என்று இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். செய்தே ஆக வேண்டிய வேலை, ஆனாலும் பாவம். இரண்டையும் அவர்கள் ஒன்றாகவே சுமந்தார்கள்.

அந்தச் சிறு வெட்டு வழியே கையை விட்டு ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்தார்கள். சிறுநீரகத்தைப் பல நேரம் விட்டுவிட்டார்கள். இதயத்தை மட்டும் வேண்டுமென்றே உடலுக்குள்ளேயே வைத்தார்கள். மறுமையில், உண்மைக்கும் நீதிக்கும் தெய்வமான மா'அத்தின் இறகோடு தராசில் நிற்கப்போவது அது. கனத்துத் தாழ்ந்தால் முதலைத்தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் தின்றுவிடும். அதோடு ஆள் முடிந்தார்.

ஜாடிகளை அடையாளம் காண

எடுத்த நான்கு உறுப்புகளையும் தனித்தனியே காயவைத்து, துணியில் சுற்றி நான்கு ஜாடிகளில் வைத்தார்கள். மூடியில் உள்ள தலைகள் ஹோரஸ் என்ற தெய்வத்தின் நான்கு மகன்கள். மனிதத் தலை இம்செத்தி: ஈரல். பபூன் குரங்குத் தலை ஹாப்பி: நுரையீரல். குள்ளநரித் தலை துவாமுதெஃப்: இரைப்பை. வல்லூறுத் தலை கெபெஹ்செனுஃப்: குடல். இதை ஒருமுறை மனதில் போட்டுக்கொண்டால் எந்த நாட்டு அருங்காட்சியகத்திலும் உதவும். ஆனால் நான்கும் மனிதத் தலையாக இருந்தால் யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 18-ஆம் வம்சம் வரை பெரும்பாலும் அப்படித்தான். அந்த வம்சத்து மன்னன் துட்டன்காமனுடையதும் அப்படியே.

21-ஆம் வம்சத்தில் உறுப்புகளைப் பொட்டலமாகக் கட்டி உடலுக்குள்ளேயே திரும்ப வைக்கத் தொடங்கினார்கள். அப்போதும் ஜாடி வைக்கும் வழக்கத்தை விட மனம் வரவில்லை. உள்ளே குடையாத, வெறும் கட்டையான போலி ஜாடிகள் அதனால்தான் உண்டாயின.

நேட்ரான்

மம்மியின் உயிர்நாடி இதுதான். கெய்ரோவுக்கு வடமேற்கே வாடி நட்ரூன் என்ற பள்ளத்தாக்கில், ஏரிகள் வற்றும்போது படியும் உப்பு. அதில் இருப்பவற்றில் மூன்று நம் வீட்டிலேயே இருக்கின்றன: சலவை சோடா, ஆப்ப சோடா, சாப்பாட்டு உப்பு. கூடவே சோடியம் சல்ஃபேட். நம் ஊரில் துணி வெளுக்க எடுத்த உவர்மண்ணை நினைத்துக்கொண்டால் அதன் குணம் பிடிபடும். ஈரத்தை இழுக்கும், கொழுப்பைக் கரைக்கும், கிருமியை வாழவிடாது.

உடலை உப்புநீரில் ஊறப்போட்டார்கள் என்று பழைய நூல்களில் படிப்பீர்கள். அதை நம்ப வேண்டாம். கருவாடு போடுகிறவர்களுக்குத் தெரியும், காய வேண்டிய சரக்கை உலர்ந்த உப்பில்தான் புதைக்க வேண்டும். உடலுக்குள் நேட்ரான் பொட்டலங்களை அடைத்து, சுற்றிலும் மேலும் நேட்ரானைக் குவித்து மூடினார்கள். மேரிலாந்து சோதனையில் 35 நாளில் உடல் எடை பாதிக்கும் மேல் குறைந்திருந்தது.

உறிஞ்சிய நேட்ரானில் அந்த மனிதரின் ஒரு பகுதி கலந்திருக்கிறது. அதனால் அதைக் கண்ட இடத்தில் கொட்டவில்லை. துடைத்த துணி, மீந்த பொட்டலம் எல்லாவற்றையும் பானைகளில் போட்டுக் கல்லறைக்கு அருகே தனியாகப் புதைத்தார்கள். துட்டன்காமனுக்கான அப்படிப்பட்ட ஒரு குழி 1907-இல், அவன் கல்லறை கிடைப்பதற்கு 15 ஆண்டு முன்பே கிடைத்துவிட்டது. தோண்டியவர்களுக்கு அப்போது அதன் அருமை தெரியவில்லை.

எண்ணெயும் பிசினும், கொஞ்சம் மிளகும்

காய்ந்த உடல் மரக்கட்டைபோல இருக்கும். எண்ணெய் தடவி இளக்கினார்கள். எதைத் தடவினார்கள் என்பது வெகுகாலம் ஊகமாகவே இருந்தது. 2016-இல் சக்காராவில், உனாஸ் பிரமிடுக்குப் பக்கத்தில், கி.மு. 664–525 காலத்துப் பதப்படுத்தும் பட்டறையே கிடைத்தது. பாத்திரங்களின் மேல் 'தலைக்குப் போட' என்பதுபோல மையில் எழுதி வைத்திருந்தார்கள். சமையலறை டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுவதுபோல. 31 பாத்திரங்களில் ஒட்டியிருந்த எச்சத்தைச் சோதித்த முடிவு 2023-இல் வெளிவந்தது. தேவதாரு, ஜூனிபர், பிஸ்தா மரப் பிசின், ஆமணக்கெண்ணெய், தேன்மெழுகு, விலங்குக் கொழுப்பு, நிலக்கீல். இவற்றோடு தென்கிழக்காசியக் காடுகளின் டாமர் பிசினும் இருந்தது. நாட்டு மருந்துக்கடையில் குங்கிலியம் என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் உறவுக்காரப் பிசின். ஒரு பிணத்தின் தலையில் தடவ அத்தனை கடல் கடந்து வந்திருக்கிறது.

அதைவிட நமக்கு நெருக்கமானது இரண்டாம் ராம்செஸின் மூக்கு. கி.மு. 1213-இல் இறந்த அந்த மன்னனின் மம்மி, பூஞ்சைச் சிகிச்சைக்காக 1976-இல் பாரிஸுக்குப் போனது. அப்போது நடந்த ஆய்வில் மூக்குத்துளைக்குள் மிளகு மணிகள் இருப்பது தெரிந்தது. மிளகுக் கொடி அன்று விளைந்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில். யார் கை வழியாக அது அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஓலையோ கல்லோ கிடையாது. சங்ககாலத்தை ஒட்டி, செங்கடல் துறைமுகமான பெரெனிகேயின் கோயிலில் இந்திய ஜாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அதற்கும் 1200 ஆண்டு முந்தியது இந்த மூக்கு மிளகு.

உடலின் வடிவம் கெடாமலிருக்க உள்ளே துணி, மரத்தூள், சேறு ஆகியவற்றை அடைத்தார்கள். 21-ஆம் வம்சத்தில் கன்னத்தின் தோலுக்கடியிலும் திணித்தார்கள். அரசி ஹெனுத்தாவிக்கு அளவு மிஞ்சிப்போய், பின்னாளில் முகமே வெடித்துவிட்டது. நான்காம் ராம்செஸுக்குக் கண்ணின் இடத்தில் சிறு வெங்காயங்களை வைத்திருந்தார்கள்.

துணி

ஆளிச்செடி நாரில் நெய்த துணி. ஒரு உடலுக்கு நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் வரை போனதுண்டு. மன்னர்களுக்குப் புதுத்துணி, மற்றவர்களுக்கு வீட்டில் கிடந்த பழைய விரிப்பையும் உடுப்பையும் கிழித்துச் சுற்றினார்கள். கண்ணாடிக்கு அருகில் போய்ப் பாருங்கள். கிழித்த ஓரத்தில் நூல் பிரிந்திருக்கும், சில இடத்தில் தைத்து ஒட்டுப்போட்ட தடம் தெரியும். யாரோ உடுத்திய துணி, யாரோ உட்கார்ந்து தைத்த ஊசித் தையல். மம்மிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒட்டுத்தான்.

ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே தாயத்துகள் வைத்தார்கள். துட்டன்காமனின் சுற்றுகளுக்குள் 140-க்கும் மேல் நகையும் தாயத்தும் இருந்தன. நீங்கள் தேட வேண்டியது பச்சை அல்லது கருங்கல்லில் செய்த வண்டு. அதைத் திருப்பினால் அடியில் ஒரு வேண்டுகோள் செதுக்கியிருக்கும்: என் இதயமே, தராசின் முன் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே. வண்டை நெஞ்சின் மேல் வைத்துச் சுற்றினார்கள்.

வாயைத் திறப்பது

புதைக்கும் நாளில் எருதுகள் பூட்டிய சறுக்குவண்டியில் பெட்டி மேற்குக்கரைக்குப் போகும். லக்சரில் ராமோஸின் கல்லறைச் சுவரில் ஒப்பாரி வைக்கும் பெண்களின் ஓவியம் இருக்கிறது. கைகளை உயர்த்தி, தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொள்கிறார்கள். கன்னத்தில் கண்ணீர்ப் புள்ளிகளைக்கூட வரைந்திருக்கிறான் ஓவியன். பெரியவர்களுக்கு நடுவே ஒரு சிறுமியும் நிற்கிறாள்.

கல்லறை வாசலில் பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, சிறுத்தைத்தோல் போர்த்திய பூசாரி ஒரு வாய்ச்சியால் அதன் வாயைத் தொடுவார். தச்சர் மரம் செதுக்கும் அதே வாய்ச்சி. இனி அவர் உண்ணலாம், மூச்சுவிடலாம், பேசலாம். துட்டன்காமன் கல்லறைச் சுவரில் இதைச் செய்பவர் அவனுக்குப் பின் அரியணை ஏறிய ஆய்.

பெட்டியும் துணைப்பொருள்களும்

மரப்பெட்டி வேறு, அதை உள்ளே வைக்கும் கற்பேழை வேறு. எகிப்தின் 'மத்திய அரசு' எனப்படும் காலத்துச் (புதிய அரசுக்கு முந்தியது) செவ்வகப் பெட்டியில் ஒரு பக்கம் இரண்டு கண்கள் வரைந்திருக்கும். உடலை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார்கள்; கிழக்கே உதிக்கும் சூரியனை அவர் அந்தக் கண்கள் வழியே பார்ப்பார். சிறு பொம்மைகள் 'ஷப்தி'. மறுமையில் வயல்வேலைக்குப் பெயர் கூப்பிட்டால் 'இதோ இருக்கிறேன்' என்று எழுந்து போக வேண்டியவை. நாளுக்கு ஒன்றாக 365, மேற்பார்வைக்கு 36. முழுத் தொகுதி 401.

துட்டன்காமனின் உட்பெட்டி 110 கிலோ தங்கம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் புதியவர்களை டூரின் அருங்காட்சியகத்தின் கா, மெரித் தம்பதியிடம்தான் அனுப்புவேன். அரசர் கல்லறைகளைக் கட்டிய தெய்ர் எல்-மெதினா ஊரின் மேலாளர் கா (இங்கே இது ஆளின் பெயர், உயிர்ச்சக்தி அல்ல). மெரித் அவர் மனைவி. கல்லறை 1906-இல் யாரும் தொடாத நிலையில் கிடைத்தது. ரொட்டி, பூண்டு, கட்டில், மடித்து வைத்த துணிகள், மெரித்தின் சவுரியும் அதற்கென்றே செய்த பெட்டியும். மெரித் முதலில் போய்விட்டார். அவருக்கென்று பெட்டி தயாராகவில்லை. தனக்காகச் செய்து வைத்திருந்த பெட்டியில் மனைவியைக் கிடத்தினார் கா. அளவு பெரிதாக இருந்ததால் சுற்றிலும் துணியை அடைத்தார்கள். பெட்டியில் எழுதியிருப்பது இன்றும் கணவரின் பெயர்தான். இருவரின் துணிச்சுற்றும் பிரிக்கப்படவில்லை. ஸ்கேனில் பார்த்தால் உறுப்புகள் எடுக்கப்படவே இல்லை. மேலே சொன்ன வெட்டும் ஜாடியும் வசதியான எல்லோருக்கும்கூட விதியாக இருக்கவில்லை என்பதற்கு இவர்களே சாட்சி.

பெயரைக் கண்டுபிடியுங்கள்

இப்போது ஒரு நடுகல் அல்லது பெட்டியின் எழுத்து வரிக்கு முன் நில்லுங்கள். பறவைகளும் மனிதர்களும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு கோரைச் செடி, அதையடுத்து பாயின் மேல் வைத்த ரொட்டி, கூரான ஒரு முக்கோணம் இருந்தால் அதுதான் படையல் வாசகம்: 'மன்னர் அளிக்கும் காணிக்கை'. எகிப்து முழுக்க, நூற்றாண்டு நூற்றாண்டாக, இதே தொடக்கம். அடுத்து, மறுமையை ஆளும் ஒசிரிஸ் போன்ற தெய்வத்தின் பெயர் வரும். பிறகு தாமரை வடிவம் தென்பட்டால் அது ஆயிரம் என்ற எண்: ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் பீர், ஆயிரம் மாடு, ஆயிரம் பறவை.

அதன்பின் மேலே தூக்கிய இரண்டு கைகளைத் தேடுங்கள். அதுதான் 'கா'. இன்னாருடைய காவுக்கு என்று வாசகம் சொல்லுமிடம் அது. அடுத்து வருவது பதவியும் பெயரும். பெயரின் முடிவில் பல நேரம் 'மா-கெரு' என்று வரும். குரலில் உண்மையானவர், அதாவது தராசில் தேறியவர்.

சில கல்லறைகளில் இதோடு வழிப்போக்கருக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கும். பூமியில் உயிரோடிருப்பவர்களே, இந்தப் பக்கம் போகிறவர்களே, கையில் ஒன்றும் இல்லையென்றாலும் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள், மூச்சுக்குச் செலவில்லை என்று கேட்பார்கள். சொன்னால் போதும், அந்த ஆயிரம் ரொட்டியும் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பினார்கள்.

விளக்கப் பலகையில் பெயர் எழுத்துக் கூட்டிப் போட்டிருப்பார்கள். கண்ணாடி முன் நின்று அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு முகத்தைப் பாருங்கள்.